அறிவியல் படிக்க அனுமதி மறுத்தாங்க... மருத்துவத்துறைக்கே தலைவி ஆனாங்க! - மேரி பூனன் லூக்கோஸ் கதை

நாகர்கோவில் பக்கம் யாருக்காவது உடம்புக்கு முடியலைன்னா, சட்டுன்னு வாயில வர்ற பேரு ஆசாரிப்பள்ளம். இன்றைக்கு அரசு மருத்துவக் கல்லூரி இயங்கும் அந்த வளாகம், ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனை. நாகர்கோவிலில் காசநோய்க்கென்று தனி மருத்துவமனை வரக் காரணமாக இருந்தவர் ஒரு பெண் மருத்துவர். பேர், மேரி பூனன் லூக்கோஸ்.

கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அதற்கு முன், நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், தோவாளை முதல் விளவங்கோடு வரை எல்லா அரசு மருத்துவமனைகளும் இவரோட கையெழுத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தன.

ஒரே ஒரு மாணவி

கோட்டயம் பக்கத்தில் அய்மனம்னு ஒரு ஊர். அருந்ததி ராய் நாவல்ல வருமே, அதே ஊர்தான். அங்கே 1886-ல் பிறந்தார் மேரி. அப்பா டி.இ.பூனன், திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரி. அரண்மனை மருத்துவரும்கூட.

பள்ளியிறுதித் தேர்வில் முதல் மாணவியாகத் தேறிய மேரிக்கு, அப்பா மாதிரியே டாக்டராகணும்னு ஆசை. ஆனா, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பாடம் தர மறுத்துட்டாங்க. காரணம் மதிப்பெண் இல்லை, பொண்ணுங்கறதுதான். வேற வழியில்லாம வரலாறு எடுத்தார். கல்லூரி முழுக்க இவர் ஒருத்தர்தான் மாணவி. 1909-ல் பி.ஏ. முடித்த கையோடு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே மருத்துவப் பட்டம், மகப்பேறிலும் குழந்தை மருத்துவத்திலும் பயிற்சி. 1916-ல் ஊர் திரும்பி, திருவனந்தபுரம் தைக்காடு பெண்கள் - குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார்.

டாக்டர் ரெடி... நோயாளி எங்கே?

ஆஸ்பத்திரி இருந்தும் பெண்கள் வரத் தயங்கின காலம் அது. ஆண் டாக்டர் தொட்டுப் பார்ப்பதை வீட்டில் ஒத்துக்க மாட்டாங்க. திண்டிவனத்தில் ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்கத் தூண்டியதும் இதே கொடுமைதான். ஆண் மருத்துவர் வேண்டாம்னு சொல்லி, ஒரே இரவில் 3 பெண்களின் பிரசவத்தை அவங்க குடும்பங்கள் பலி கொடுத்த கதை பலருக்குத் தெரியும்.

மேரி இதை வேற ரூட்ல அணுகினார். ஊர்ல பிரசவம் பார்த்துக்கிட்டிருந்த மருத்துவச்சிகளை எதிரியா நினைக்கலை. அவங்க பிள்ளைகளையே கூப்பிட்டு, முறையான மகப்பேறுப் பயிற்சி கொடுத்தார். வீட்டுப் பெண்கள் நம்பின கைகளே ஆஸ்பத்திரிக்குள்ளயும் வந்துச்சு. 1917-ல் வழக்கறிஞர் கே.கே.லூக்கோஸைத் திருமணம் செய்தவர், தன் தலைப்பிரசவத்தையும் ஆஸ்பத்திரியிலேயே வெச்சுக்கிட்டார். டாக்டரம்மாவே இங்கதான் பெத்துக்கிட்டாங்கன்னா, அதைவிடப் பெரிய விளம்பரம் வேணுமா?

1920-ல் அவர் செய்த சிசேரியன்தான் கேரளத்தின் முதல் சிசேரியனாகச் சொல்லப்படுகிறது.

14 வருடக் காத்திருப்பு

1924-ல் திருவிதாங்கூர் மருத்துவத்துறையின் தலைமைப் பொறுப்பு மேரிக்கு வந்தது. இந்தியாவில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண் இவர். ஆனா, பொறுப்பு சர்ஜன் ஜெனரலா இருந்தவரை முழு சர்ஜன் ஜெனரல் ஆக்க 1938 ஆச்சு. அப்போது அவருக்குக் கீழே 32 அரசு மருத்துவமனைகள், 40 அரசு டிஸ்பென்சரிகள். அமெரிக்காவில் அதே பேர் கொண்ட பதவிக்கு ஒரு பெண் வந்தது 1990-லதான். திருவிதாங்கூர் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண்ணும் மேரிதான்.

நாகர்கோவில் ஏன் முக்கியம்?

திருவனந்தபுரத்துக்கு எக்ஸ்ரே - ரேடியம் மையம், நாகர்கோவிலுக்குக் காசநோய் மருத்துவமனை. ரெண்டுமே மேரி உருவாக்கியவை. அன்றைக்குக் காசநோயைக் கொல்ல மருந்து கிடையாது. ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு. சிகிச்சை அவ்வளவுதான்.

இந்த மூணும் ஒரு குடும்பத்துல கடைசியா யாருக்குக் கிடைக்கும்? விடியும் முன்னே எழுந்து, அடுப்புப் புகையில நின்னு, எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுறவங்களுக்கு. வீட்டுல இருந்தா அந்தப் பொண்ணுக்கு ஓய்வே இல்லை. படுக்கையும் சாப்பாடும் தர்ற ஓர் இடம் ஊருக்குப் பக்கத்திலேயே வருதுன்னா, அது வெறும் கட்டடமில்லை. உயிர் பிழைக்க ஒரு வழி. அதுவும், கல்யாணம் நடக்காதுன்னு பொண்ணோட இருமலை மறைச்சு வெச்ச காலத்துல!

1942-ல் ஓய்வு பெற்றார் மேரி. கணவர், டாக்டரான மகள், மகன்னு மூவரையும் தன் வாழ்நாளிலேயே இழந்தார். 1975-ல் பத்மஸ்ரீ விருது. அடுத்த ஆண்டே, 90 வயதில் மறைந்தார்.

சரி, இன்னைக்கு? டாக்டர்களில் பெண்கள் ஏராளம். சிகிச்சை பக்கத்துலயே இருக்கு. ஆனாலும் அம்மாவோ, அக்காவோ, பாட்டியோ கஷாயம் குடிச்சே நாளைக் கடத்துறது நிக்கலை. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளிப் பரிசோதனை செஞ்சே ஆகணும். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்குப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஆசாரிப்பள்ளத்துக்கு பஸ் இருக்கு. அவங்களைக் கிளப்பிக் கூட்டிட்டுப் போறதுதான் பாக்கி. அது உங்க வேலை!