பாக்கெட்டுக்குள் அடங்கிய பிஸ்டல்: யார் இந்த ஜான் பிரௌனிங்?

1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். நெல்லை கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் பிஸ்டலால். மூன்றே ஆண்டுகளில், சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டின் உயிரைப் பறித்து முதல் உலகப் போருக்குத் திரி கொளுத்தியதும் இன்னொரு பிரௌனிங்தான்.

இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவரே. அமெரிக்காவின் ஜான் மோசஸ் பிரௌனிங். எங்கோ ஒரு மலைநாட்டுப் பட்டறையில் இருந்தவரின் பிஸ்டல் இத்தனை ஊர்களுக்கு எப்படிப் போனது? அதை ஏன் எல்லோரும் நம்பினார்கள்?

பட்டறையில் வளர்ந்த பையன்

1855 ஜனவரி 23 அன்று யூட்டா பகுதியின் ஆக்டன் நகரில் பிறந்தார் பிரௌனிங். அப்பா ஜோனதன், துப்பாக்கி செய்பவர். மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள் என்று பெரிய குடும்பம். பழுதாகி வரும் துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் ஜானுக்குப் பாடம். எந்தப் பாகம் தேய்கிறது, எது உடைகிறது, எங்கே சிக்குகிறது என்பதெல்லாம் சின்ன வயதிலேயே கைக்குப் பழகிவிட்டது.

1879-ல் அப்பா இறந்தார். அதே ஆண்டில் ஜானுக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. தம்பிகளோடு சேர்ந்து அந்த ரைஃபிளைத் தயாரித்து விற்றார். வின்செஸ்டர் நிறுவனத்தின் கண்ணில் அது பட்டது. 1883-ல் 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு 19 ஆண்டுகள் வின்செஸ்டரின் புகழ்பெற்ற துப்பாக்கிகளில் பல அவர் வடிவமைத்தவையே.

ரிவால்வரில் என்ன பிரச்சினை?

அந்தக் காலத்தில் இடுப்பில் செருகிப் போக ரிவால்வர்தான் வழக்கம். ஆனா, தோட்டாக்களைத் தாங்கும் அதன் உருளை தடிமனானது. கோட்டுப் பையில் போட்டால் புடைத்துக்கொண்டு நிற்கும். தானாகத் தோட்டா ஏறும் பிஸ்டல்கள் ஜெர்மனியில் வரத் தொடங்கியிருந்தாலும், அவை அளவில் பெரியவை.

பிரௌனிங் வேறு வழியில் யோசித்தார். தோட்டா வெடிக்கும்போது பின்னோக்கித் தள்ளும் விசையை வீணாக்காமல், அதைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றினால் என்ன? குழலை மூடியபடி முன்னும் பின்னும் நகரும் ஓர் இரும்பு உறை, அதைத் திரும்ப இழுக்க ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். அந்த உறைதான் இன்றைக்கு ‘ஸ்லைடு’ எனப்படுகிறது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் வரிசையாக அடங்கிவிடுவதால் பிஸ்டல் தட்டையாகிவிட்டது.

1897-ல் பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் அவருடன் ஒப்பந்தம் போட்டது. அங்கிருந்து வந்த 1900 மாடல் மட்டும் ஏழு லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதற்கென்றே அவர் உருவாக்கியதுதான் .32 தோட்டா.

பையில் வைக்கிற பிஸ்டலுக்கு எது முக்கியம்?

அடிக்கிற வேகமா? அதைவிட முக்கியமான மூன்று கேள்விகளுக்கு பிரௌனிங்கின் அடுத்தடுத்த மாடல்கள் பதில் சொன்னன.

முதல் கேள்வி, எடுக்கும்போது துணியில் சிக்குமா? 1903-ல் கோல்ட் நிறுவனத்துக்காகச் செய்த பாக்கெட் மாடலில் சுத்தியலையே ஸ்லைடுக்குள் மறைத்துவிட்டார். வெளியே நீட்டிக்கொண்டு எதுவும் இல்லை.

இரண்டாவது, தானாக வெடிக்குமா? கைப்பிடியை முழுதாக இறுக்கிப் பிடித்தால் மட்டுமே சுடும்படி ஒரு பூட்டு வைத்தார். 1910 மாடலில் கட்டைவிரல் பூட்டு, கைப்பிடிப் பூட்டு, மேகசினைக் கழற்றிவிட்டால் சுடாத பூட்டு என மூன்று.

மூன்றாவது, தேவைப்படும் நேரத்தில் கைவிடுமா? இதற்கு அவரிடம் இருந்த மருந்து, எளிமை. பாகங்கள் குறைந்தால் பழுதாகும் இடங்களும் குறையும். அவருடைய பெரிய பிஸ்டல் ஒன்றை 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் சோதித்தது. 6,000 தோட்டாக்கள் சுட்டார்கள். சூடு தாங்காதபோது தண்ணீரில் முக்கி எடுத்துத் தொடர்ந்தார்கள். ஒருமுறைகூடச் சிக்கவில்லை. போட்டிக்கு வந்த சாவேஜ் பிஸ்டலோ 37 முறை தடுமாறியது.

அதே குணங்கள், வேறு கைகள்

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தற்காப்புக்காக வாங்குபவருக்குப் பிடித்த அதே குணங்கள், கொலைத் திட்டத்தோடு கூட்டத்தில் நிற்பவருக்கும் பிடித்தன.

1904-ல் ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் பொப்ரிகோவ், 1909-ல் ஹார்பினில் ஜப்பானின் இட்டோ ஹிரோபுமி என வரிசையாக பிரௌனிங்குக்குப் பலியானார்கள். அதே 1909-ல் 20 பிரௌனிங்குகள் பெட்டியின் போலி அடித்தட்டில் மறைத்து இந்தியாவுக்குக் கடத்தப்பட்டன. அவற்றில் ஒன்று டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. அடிமைப்பட்ட மக்களுக்கு விடுதலை ஆயுதமாகத் தெரிந்தது, ஆட்சியாளர்களுக்குப் பயங்கரமாகத் தெரிந்தது. சரயேவோவில் 19 வயது இளைஞன் பிரின்சிப் கையில் இருந்தது 1910 மாடல். மூன்று பூட்டுகளும் சரியாகவே வேலை செய்தன. ஏன் சுடுகிறாய் என்று கேட்கும் பூட்டு மட்டும் அதில் கிடையாது.

வேலை மேசையில் முடிந்த வாழ்க்கை

ராயல்டி கேட்டதற்கு வின்செஸ்டர் மறுத்துவிட, 1902-ல் அந்த உறவை முறித்துக்கொண்டார் பிரௌனிங். அதன் பிறகு பெல்ஜியம் அவருக்கு இரண்டாவது வீடு. 1914-ல் அந்நாட்டு அரசு அவருக்கு வீரப்பட்டம் தந்தது. அதே ஆண்டு சரயேவோ தோட்டா கிளப்பிய போரில் பெல்ஜியத்தை ஜெர்மனி ஆக்கிரமித்தது. எஃப்என் தொழிற்சாலையும் ஜெர்மானியர் கைக்குப் போனது.

1926 நவம்பர் 26. அதே தொழிற்சாலையில் புதிய பிஸ்டல் ஒன்றின் வேலையில் இருந்தபோது, இதயம் நின்று இறந்தார். வயது 71. அவர் பெயரில் 128 காப்புரிமைகள். பாதியில் விட்ட அந்த பிஸ்டலை பெல்ஜியப் பொறியாளர் சேவ் முடித்துக் கொடுத்தார்.

பிரௌனிங் போனாலும் அவருடைய தோட்டாக்கள் போகவில்லை. 1948-ல் காந்தியைக் கொன்ற பெரெட்டா இத்தாலியத் தயாரிப்பு. ஆனால் அதில் இருந்த .380 வகைத் தோட்டா அவர் உருவாக்கியது. இந்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலைகள் லைசென்ஸ் உள்ளவர்களுக்காகத் தயாரித்த .32 பிஸ்டலில் போடுவதும் அவர் வகுத்த தோட்டாவே.

சிக்காத, தானாக வெடிக்காத, நேரத்துக்குக் கைகொடுக்கும் சிறிய பிஸ்டல் வேண்டும் என்ற தேவையை அவர் நூறாண்டுக்கு முன்பே தீர்த்துவிட்டார். அது யார் கையில் இருக்கலாம் என்பதை எந்தப் பட்டறையும் தீர்க்க முடியாது. இந்தியாவில் அந்தக் கேள்வியை 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், லைசென்ஸ் தரும் அதிகாரியும்தான் கேட்கிறார்கள்.