இருநூறும் இராமானுஜனும்

தோழியரே, நம் மரக்காணம் உப்பளத்தில் நான்கு கூடை உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை எத்தனை விதமாகக் குவிக்கலாம்? நான்கையும் ஒரே குவியலாக்கலாம். மூன்றும் ஒன்றுமாக, இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாகக் கொட்டலாம். நான்கையும் தனித்தனியே வைக்கலாம். ஆக ஐந்து வழிகள். பத்துக் கூடைக்கு 42 வழிகள். நூறு கூடைக்கு 19 கோடியைத் தாண்டிவிடுகிறது. இருநூறுக்கோ 39,72,99,90,29,388! விநாடிக்கு ஒரு வழியாக இரவு பகல் எழுதினாலும் முடிக்க ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் ஆண்டுகள் போதா. இந்தப் பேரெண்ணோடு தம் பெயரைப் பிணைத்துச் சென்றவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் ஜவுளிக் கடையில் கணக்கர். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909இல் ஜானகியை மணந்தார். குடும்பம் நடத்த ஒரு வேலை வேண்டுமே!

நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு 1910இல் திருக்கோவிலூருக்கு வந்தார். நம் வானூர்ப் பகுதியும் சேர்ந்திருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்து ஊர் அது. அங்கே டிப்டி கலெக்டராக இருந்த இராமசாமி ஐயர்தாம் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். இராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ஐயரோ, இத்தகைய அறிவைத் தாலுக்கா அலுவலகத்தில் புதைக்க மனம் வராமல், கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். கேட்ட வேலையை அன்று அவர் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும்!

1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், 1914இல் கப்பலேறினார்.

அங்கேதான் இந்தக் குவியல் கணக்கு வருகிறது. ஓர் எண்ணை எத்தனை வழிகளில் பிரிக்கலாம் என்பதற்கு இராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து ஒரு சூத்திரம் கண்டார்கள். முழு எண்களைப் பற்றிய இக்கணக்கில் வட்டத்துக்குரிய பை வந்து நிற்பதே வியப்பு. சூத்திரம் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? மக்மகான் என்ற முன்னாள் பீரங்கிப்படை மேஜர், முந்திய விடைகளைக் கூட்டியும் கழித்தும் அடுத்த விடையைப் பெறும் பழைய முறையில், இருநூறு வரை கையாலேயே கணக்கிட்டு அட்டவணை போட்டார். சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது கிடைத்தது 39,72,99,90,29,388.004. விடை முழு எண்ணாகத்தானே இருக்க வேண்டும்? அந்தச் சிறு பின்னத்தைத் தள்ளினால் மேஜரின் எண்ணே, ஒன்றுகூடப் பிசகாமல் நின்றது! 1918இல் இது அச்சேறியது.

அதே அட்டவணையில் இராமானுஜன் இன்னொன்றும் கண்டார். 4, 9, 14, 19 என்று நான்கிலோ ஒன்பதிலோ முடியும் எண்களுக்கான வழிகள் 5, 30, 135, 490. எல்லாம் ஐந்தால் மீதியின்றி வகுபடுகின்றன. அட்டவணை தீர்ந்த பிறகும், எத்துணைப் பெரிய எண்ணுக்கும் இது பொருந்தும் என்று நிறுவினார். ஏழுக்கும் பதினொன்றுக்கும்கூட இத்தகைய விதிகள் உண்டு. நீங்களே ஒன்பதைப் பிரித்துப் பாருங்கள், முப்பது வருகிறதா என்று.

குளிரும், போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், நோயும் அவரை வாட்டின. 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானபோது அவர் நோயாளி. 1919இல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். வயது 32.

அந்தச் சூத்திரத்தைப் பின்வந்தோர் செம்மைப்படுத்தினர். 2014இல் அதன் துணையால், ஒன்றுக்குப் பின் இருபது பூஜ்யம் கொண்ட எண்ணுக்குக் கணினி விடை கண்டது. விடையில் ஆயிரத்து நூறு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள்!

கடைசிப் படுக்கையிலும் இராமானுஜன் எழுதிக்கொண்டேயிருந்தார். தாள்களைச் சேர்த்து வைத்தவர் இருபத்தொரு வயதே ஆன ஜானகி. அவர் கடைசியாக எழுதிய தாள்கள் பல, 1976இல் கேம்பிரிட்ஜ் நூலகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டன. ஜானகி அம்மையார் தையல் வேலை செய்து சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, 1994இல் மறைந்தார்.