முப்பத்து நான்கு வயது மாணவர் பிரேம்சந்த்

உத்தியோகத்தை முன்னிட்டுத் தமிழகத்தை விட்டு வடக்கே வந்து குடியேறிய நம்மவர்க்கு ஹிந்தி இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. ஒன்று கடைத்தெரு வழி. மற்றொன்று பாடப்புத்தக வழி. காய்கறி வண்டிக்காரரிடம் விரலைக் காட்டி விலை பேசத் தொடங்கி, ஆறு மாதத்தில் எண்களையும் ஓராண்டில் வசவுகளையும் கற்றுத் தேறியவர்கள் நம் காலனியில் உண்டு. பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று தேர்வுகளை வரிசையாக எழுதிச் சான்றிதழ்களைச் சட்டமிட்டு மாட்டிய பின்னரும், பக்கத்து வீட்டு அம்மையாரிடம் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசத் தயங்குபவர்களும் உண்டு. முன்னவர்க்குப் படிக்க வராது; பின்னவர்க்குப் பேச வராது.

இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அது எளிய கதைகளைப் படிக்கும் வழி. அவ்வழியில் இறங்கும் எவரும் முதல் சில நாட்களிலேயே சந்திக்கும் பெயர் பிரேம்சந்த். ஹிந்திக் கதை உலகின் தலைமகனாகப் போற்றப்படும் அவர், தாமே காலந்தாழ்த்தி ஹிந்தி எழுத்துக்கு வந்தவர் என்பதை நம்மில் பலர் அறியோம். ஏறக்குறைய முப்பத்து நான்கு வயதில், குடும்பஸ்தராய், அரசாங்க ஊழியராய், வேறொரு மொழியில் பெயர் பெற்ற எழுத்தாளராய் இருந்துகொண்டு அவர் ஹிந்தியில் எழுதப் பழகினார். அந்த வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கள் அறிந்துகொள்வது நலம் எனக் கருதி இங்கே சுருங்கக் கூறுகிறோம்.

காசிக்கு அருகிலுள்ள லமஹி என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தன்பத் ராய். தந்தையார் அஜாயப் லால் அஞ்சல் இலாகாவில் எழுத்தர். அக்காலத்துக் காயஸ்தக் குடும்பங்களின் வழக்கப்படி, சிறுவர் பக்கத்து ஊரிலிருந்த மௌல்வி ஒருவரிடம் உருதுவும் பாரசீகமும் கற்றார். ஆகவே கையில் முதலில் படிந்தது வலமிருந்து இடமாக ஓடும் உருது எழுத்து. பேச்சு வீட்டிலும் வயலிலும் வழங்கிய மொழியேயாயினும், இலக்கியம் என்றால் அவருக்கு உருதுதான்.

ஏழெட்டு வயதிலேயே தாயை இழந்தார். தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். தந்தையின் உத்தியோகத்தை ஒட்டிக் கோரக்பூருக்குச் சென்ற சிறுவருக்குக் கதைகளே துணையாயின. புகையிலைக் கடை ஒன்றில் மந்திர மாயங்கள் நிறைந்த 'திலிஸ்மே ஹோஷ்ருபா' என்னும் நெடுங்கதையைக் கேட்டு மயங்கினார். பிறகு ஒரு புத்தகக் கடைக்காரருடன் உடன்பாடு செய்துகொண்டார். கடையிலுள்ள ஆங்கிலப் பாட உரைகளைத் தம் பள்ளி மாணவர்களிடம் விற்றுக் கொடுப்பது. அதற்கு ஈடாக நாவல்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துத் திருப்பித் தருவது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அவ்வாறு படித்துத் தள்ளிய நூல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவரை எழுத்தாளராக்கிய கல்லூரி அந்தக் கடைதான்.

பதினைந்தாம் வயதில் மணம் செய்து வைத்தனர். சில ஆண்டுகளில் தந்தையார் மறைந்தார். குடும்பச் சுமை இளைஞரின் தோளில் விழுந்தது. கணிதம் என்றால் அவருக்கு எட்டிக்காய். கல்லூரிப் படிப்புக்கு அதுவே குறுக்கே நின்றது. காசியில் ஒரு வழக்கறிஞரின் பிள்ளைக்கு மாதம் ஐந்து ரூபாய்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, குதிரை லாயத்தின் மேலிருந்த மண் அறையில் தங்கி, பாதிப் பணத்தை வீட்டுக்கு அனுப்பிக் காலந்தள்ளினார். கையில் காசில்லாத ஒருநாள், இரண்டு ரூபாய் கொடுத்து வாங்கியிருந்த கணித உரைநூலை ஒரு ரூபாய்க்கு விற்கப் புத்தகக் கடைக்குப் போனார். அங்கே தற்செயலாக நின்றிருந்த ஒரு தலைமையாசிரியர் அவருடைய நிலையைக் கேட்டறிந்து, சுனார் என்னும் ஊர்ப் பள்ளியில் மாதம் பதினெட்டு ரூபாய்ச் சம்பளத்தில் ஆசிரியர் வேலை தந்தார். இது 1899இல் நிகழ்ந்தது. படிப்புக்குத் தடையாயிருந்த கணிதமே பிழைப்புக்கு வழி காட்டியது விந்தையே.

அடுத்த ஆண்டு அரசாங்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. அதன் பின்னர் மாற்றல் உத்தரவுகள் அவரைப் பஹ்ராயிச், பிரதாப்கட், அலாகாபாத், கான்பூர், ஹமீர்பூர் என்று ஊர் ஊராக இழுத்துச் சென்றன. மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு அந்த அலைச்சலை விளக்க வேண்டியதில்லை. 1906இல், இளமையிலேயே கணவரை இழந்திருந்த சிவராணி தேவியை அவர் மணந்தார். அக்காலச் சமூகத்தில் அது துணிவான செயல்.

இத்தனைக்கும் நடுவே நவாப் ராய் என்ற பெயரில் உருதுவில் எழுதி வந்தார். 1908இல் வெளிவந்த 'ஸோஸே வதன்' என்னும் சிறுகதைத் தொகுதியில் நாட்டுப்பற்று நிறைந்திருந்தது. அரசாங்கம் அதை இராஜத் துரோகமாகக் கருதியது. மாவட்ட ஆட்சியர் அழைத்துக் கண்டித்தார். எஞ்சியிருந்த பிரதிகள் தீக்கிரையாயின. இனி அந்தப் பெயரில் எழுத இயலாத நிலையில், கான்பூரில் 'ஸமானா' என்ற உருது இதழை நடத்திய நண்பர் தயாநாராயண் நிகம் ஒரு புதுப் பெயரைத் தெரிந்தெடுத்தார். 1910இல் அப்பெயருடன் முதற் கதை வெளியாயிற்று. தன்பத் ராயும் நவாப் ராயும் மறைந்து பிரேம்சந்த் தோன்றினார்.

பெயர் மாறிய சில ஆண்டுகளுக்குப் பின் மொழியும் மாறும் நிலை வந்தது. உருது நூல்களுக்குப் பதிப்பாளர் கிடைப்பது அரிதாயிற்று; ஹிந்தியிலோ வாசகர் கூட்டம் பெருகிக் கொண்டிருந்தது. 1907லேயே அவருடைய நாவல் ஒன்று ஹிந்தி வடிவில் வந்திருந்ததாயினும், அவர் ஹிந்தியில் முனைந்து எழுதத் தொடங்கியது 1914ஐ ஒட்டியே. கைக்குப் பழகிய எழுத்தை விட்டு இடமிருந்து வலமாகத் தலைக்கோடு இழுத்து எழுத வேண்டும். பாரசீகச் சொல் வந்து நிற்கும் இடத்தில் ஊரார் சொல்லைத் தேட வேண்டும். 1915இல் 'சரஸ்வதி' என்னும் புகழ்பெற்ற ஹிந்தி இதழில் அவருடைய சிறுகதை வெளிவந்தது. மறு ஆண்டே 'பஞ்ச் பரமேசுவர்' வந்தது. 1917இல் ஏழு கதைகள் கொண்ட 'சப்த சரோஜ்' நூலாயிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் ஒரே தாவலில் மொழி மாறிவிடவில்லை. 'சேவா சதன்', 'பிரேமாசிரமம்', 'ரங்கபூமி' ஆகிய மூன்று பெரிய நாவல்களையும் முதலில் உருதுவில் வரைந்து, பின்னரே ஹிந்தியாக்கினார். நேரடியாக ஹிந்தியிலேயே எழுதிய முதல் நாவல் 1926இல் வந்த 'காயாகல்ப'. பன்னிரண்டு ஆண்டுகள் தாய்வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார் எனலாம். மனத்துக்குள் தமிழில் வாக்கியம் அமைத்து, பிறகு ஹிந்தியாக்கிப் பேசுகிறோமே என்று வெட்கப்படுகிறவர்கள் இதைக் கேட்டு ஆறுதல் கொள்ளலாம்.

அவருடைய நடை எளிமையானதற்கும் இதுவே காரணங்களுள் ஒன்று என்பது நம் எண்ணம். பண்டிதர்க்காக அமைந்த வடமொழிக் கலப்பு நடையும் அவருடையதன்று. அரசவைப் பாரசீக நடையும் அவருடையதன்று. உழவரும் வண்டியோட்டியும் பாட்டியும் பேசுகிற சொற்களை அவர் எழுத்தில் ஏற்றினார். அதனால்தான் அவர் கதைகள், புதிதாகக் கற்பவருக்கு ஏற்ற வாசகமாக அமைந்தன.

'ஈத்கா' என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். 1933இல் வெளிவந்தது அது. தாய் தந்தையற்ற சிறுவன் ஹாமித், பாட்டி அமீனாவின் அரவணைப்பில் வளர்கிறான். ஈத் பெருநாளில் கையில் மூன்றே பைசா, அதாவது பழைய கணக்கில் முக்காலணாவுடன் நண்பர்களோடு சந்தைக்குப் போகிறான். மற்றச் சிறுவர்கள் மண் பொம்மைகளும் மிட்டாய்களும் வாங்குகிறார்கள். ஹாமித், ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுடுவதை நினைத்து, பேரம் பேசி ஓர் இடுக்கி வாங்கி வருகிறான். சொன்ன விலை ஆறு பைசா; வாங்கியது மூன்று பைசாவுக்கு.

மொழி கற்பவர் இதில் பெறுவது என்ன? காசு எண்ணும் சிறுவர்களால் எண்கள் வருகின்றன. சந்தை வழியே பொம்மை, மிட்டாய், கடை, விலை என்ற சொற்கள் வருகின்றன. க என்ற ஓர் எழுத்துக்கு நான்கு ஒலிகளைப் பழகுவதும், ரொட்டி பெண்பால், அரிசி ஆண்பால் என்று பிரிப்பதும் நமக்குப் பெருந்தொல்லை. இலக்கண அட்டவணையில் பத்து முறை படித்தும் நில்லாத பால் வேறுபாடு, கதையின் போக்கில் அதே சொல் மீண்டும் மீண்டும் வரும்போது காதில் படிந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசிப் பக்கத்தில் பாட்டி கண்ணீர் விடும் இடத்தில் அகராதியைத் தேடும் எண்ணமே நமக்கு எழுவதில்லை. ஹீரா, மோதி என்ற இரு காளைகளின் கதையும், ஜும்மனும் அல்கூவும் நட்பா நியாயமா என்று சோதிக்கப்படும் 'பஞ்ச் பரமேசுவர்' கதையும் இத்தகையனவே.

பிரேம்சந்தின் பிற்கால வாழ்வு வசதியானதன்று. 1921 பிப்ரவரியில் கோரக்பூருக்கு வந்த காந்தியடிகளின் பேச்சைக் கேட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அரசாங்க உத்தியோகத்தை ஒரு வாரத்தில் துறந்தார். 1923இல் காசியில் அச்சகம் தொடங்கினார். 1930இல் 'ஹம்ஸ்' இதழை வெளியிட்டார். இரண்டும் கடனையே வளர்த்தன. அக்கடனைத் தீர்க்க 1934இல் பம்பாய்க்குச் சென்று திரைப்படக் கம்பெனி ஒன்றில் எழுத்து வேலை ஏற்றார். அவ்வுலகம் ஒத்துவரவில்லை, ஓராண்டுக்குள் திரும்பிவிட்டார்.

பம்பாயில் இருந்த அக்காலத்தில், 1934 இறுதியில், அவர் சென்னைக்கு வந்தார். 1918இல் காந்தியடிகள் முயற்சியால் தோன்றிய தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபையின் பட்டமளிப்பு விழாவில் அவர் உரையாற்றினார். ஹிந்தியைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்களின் முன்னே, தாமும் நடுவயதில் ஹிந்தி பழகிய ஆசிரியர் நின்ற காட்சியை நாம் எண்ணிப் பார்க்கலாம். பின்னர் அவருடைய 'சேவா சதன்' தமிழில் திரைப்படமாயிற்று. கே. சுப்பிரமணியம் இயக்கி 1938இல் வெளிவந்த 'சேவாசதனம்' படத்தில்தான் எம். எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாகத் திரையில் தோன்றினார்.

அதே 1938இல்தான் சென்னை மாகாணப் பள்ளிகளில் ஹிந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டதும், அதை எதிர்த்துத் தமிழகம் கொந்தளித்ததும். பலர் சிறை புகுந்தனர். நடராசன், தாளமுத்து இருவரும் சிறைப்பட்ட நிலையில் 1939இல் உயிர் நீத்தனர். 1940இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆணையாக வந்த மொழியை மறுத்து மக்கள் வீதிக்கு வந்த காலத்திலேயே, அம்மொழியிலிருந்து கதையாக வந்ததைத் தமிழர் கொட்டகையில் அமர்ந்து கண்டனர். இரண்டும் நம் வரலாறே. இரண்டையும் மறவாதிருப்பது வடக்கே வாழும் நமக்கு மிகவும் தேவை.

1936இல் பிரேம்சந்தின் 'கோதான்' வெளிவந்தது. ஒரு பசுவுக்கு ஆசைப்பட்ட ஏழை உழவனின் கதை அது. அவ்வாண்டு அக்டோபர் 8ஆம் நாள், ஐம்பத்தாறு வயதில், காசியில் அவர் காலமானார்.

அவர் ஹிந்தியின் தலைமை எழுத்தாளரான பிறகும் உருதுவைக் கைவிடவில்லை. இறுதிக் காலத்து அரிய சிறுகதையான 'கஃபன்' 1935இல் முதலில் உருதுவிலேயே வெளிவந்தது. புது மொழி வந்ததென்று பழைய மொழிக்கு அவர் விடை கொடுக்கவில்லை.

இதை நாம் நம் வீட்டோடு பொருத்திப் பார்க்கிறோம். பெரியவர்களாகிய நமக்கு ஹிந்தி தட்டுகிறது. இங்கே பிறந்த நம் குழந்தைகளுக்குத் தமிழ் தட்டுகிறது. இருவருக்கும் மருந்து ஒன்றே. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பேரன் 'ஈத்கா'வை ஹிந்தியில் உரக்கப் படிக்கட்டும்; பாட்டி அதைக் கேட்டு, புரிந்தவரை தமிழில் திருப்பிச் சொல்லட்டும். பாட்டிக்குப் புரியாத சொல்லைப் பேரன் விளக்குவான். பேரன் அறியாத தமிழ்ச் சொல்லைப் பாட்டி தருவாள். அடுத்த வாரம் தமிழ்க் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, இருவரும் இடம் மாறி அமரலாம். முப்பத்து நான்கு வயதில் ஒருவர் புது எழுத்தில் கதை எழுதப் பழகினார் என்றால், அறுபதில் ஒரு கதை படிக்கப் பழகுவது நம்மால் ஆகாத காரியமன்று.