தகிட சொல்லித் தந்த இடது கை



நம் வளாகத்தில் மிருதங்கம் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், டிரம்ஸ் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரு தரப்பும் திணறும் இடம் ஒன்றுதான். மிருதங்கப் பிள்ளைகள் அதைத் திஸ்ரம் என்கிறார்கள், டிரம்ஸ் பிள்ளைகள் டிரிப்லெட் என்கிறார்கள். ஒரு தட்டுக்குள் மூன்று சொற்களைச் சமமாக உட்கார வைப்பதுதான் இரண்டுக்கும் பொருள். அதில் கரை கண்ட ஒரு மேதையின் வாழ்க்கையை இந்த இதழில் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் வித்வான் இல்லை. வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் திஸ்ரமும் ஒரு கணக்குதான் என்பதால் கொஞ்சம் துணிவு.

பழனி சுப்ரமணிய பிள்ளை 1908-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை பழனி முத்தையா பிள்ளை லய வித்வான். அந்த முத்தையா பிள்ளைக்கு குரு புதுக்கோட்டை மாமூண்டியா பிள்ளை. மான்பூண்டியா பிள்ளை என்றும் இவரைச் சொல்வார்கள். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய வாத்தியமாக உயர்த்தியவர் அவர். அவர் பாடம் கேட்டதோ மாரியப்பர் என்ற தவில்காரரிடம். ஆக, புதுக்கோட்டை பாணி என்று இன்று சொல்லப்படும் மிருதங்க வழிக்கு வேர் தவிலில் இருக்கிறது. நீடாமங்கலம், நாச்சியார்கோயில், வலங்கைமான் என்று தவிலுக்குப் பேர் போன ஊர்களுக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இது கேட்க இனிக்கும் செய்தி. மாமூண்டியா பிள்ளையின் இன்னொரு சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் அந்தத் தலைமுறையின் தலைமகன். இப்படிப்பட்ட பரம்பரையில், கணக்கு விளையாடும் வீட்டில், சுப்ரமணிய பிள்ளை வளர்ந்தார்.

ஆனால் பிள்ளைக்கு இடது கைப் பழக்கம். அந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் அதைத் திருத்த வேண்டிய குறையாகத்தான் பார்த்தார்கள். மிருதங்கத்தில் சிக்கல் அதைவிடப் பெரிது. கச்சேரி மேடையில் பாடகருக்கு வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்து உட்காரும்போது, சோறு இட்ட கரிய பக்கமான வலந்தலை சபையை நோக்கி இருக்கும். நாதமும் சபைக்குப் போகும். இடது கையால் வலந்தலை வாசிப்பவர் அதே இடத்தில் உட்கார்ந்தால் அது பின் சுவரைப் பார்க்கும். ஆகவே அவர் பாடகரின் இடப்புறம் உட்கார வேண்டும். அவருக்காக வயலின் வித்வான் எழுந்து மறுபுறம் போக வேண்டும்.

இதற்கு எல்லா வயலின் வித்வான்களும் சம்மதிக்கவில்லை. காலம் காலமாக உட்கார்ந்த பக்கத்தை ஓர் இளைஞனுக்காக ஏன் விட வேண்டும் என்ற எண்ணம். வித்தையில் குறையில்லாத ஒருவருக்கு உட்காரும் பக்கத்தால் வாய்ப்புகள் நழுவின. இன்றைக்கு இதைப் படிக்கும் நமக்கு அற்பக் காரணமாகத் தோன்றும். கச்சேரியை நம்பி உலை வைப்பவருக்கு அது அற்பமில்லை.

அந்தத் தடையை உடைத்ததில் பெரும் பங்கு செம்பை வைத்தியநாத பாகவதருக்கு உண்டு. பெரிய பாடகர், இளைஞர்களைக் கைதூக்கி விடுவதில் மகிழ்ச்சி கொண்டவர். பாலக்காடு மணி ஐயர் சிறுவனாக இருந்தபோதே மேடை கொடுத்தவரும் அவர்தான். சுப்ரமணிய பிள்ளையையும் தம் கச்சேரிகளில் தொடர்ந்து வாசிக்க வைத்தார். முதன்மைப் பாடகரே உறுதியாக நின்றால் மற்றவர்கள் இடம் மாறி உட்காரத்தான் வேண்டும். ஒரு முறை கேட்ட சபை மறுமுறை பக்கத்தைப் பார்க்கவில்லை, நாதத்தைத்தான் கேட்டது. பிறகு மதுரை மணி ஐயர், ஜி.என். பாலசுப்ரமணியம், ஆலத்தூர் சகோதரர்கள் என்று அந்த நாளின் முன்னணிப் பாடகர்கள் பலருக்கும் அவர் வாசித்தார். பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்ரமணிய பிள்ளை, இராமநாதபுரம் முருகபூபதி மூவரையும் மிருதங்க மும்மூர்த்திகள் என்றே ரசிகர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

மணி ஐயருடன் சேர்ந்து வாசித்த கச்சேரிகளில் சுப்ரமணிய பிள்ளை கஞ்சிரா எடுத்துக்கொண்டார். இருவருமே முதல் வரிசைக்காரர்கள். ஒருவர் மிருதங்கம், மற்றவர் கஞ்சிரா என்று அமர்ந்து தனி ஆவர்த்தனம் செய்தது அக்கால ரசிகர்களுக்கு விருந்து. கஞ்சிரா ஒரே முகம் கொண்டது, இடது கை வலது கை வழக்கு அதற்கு இல்லை.

இனி திஸ்ரத்துக்கு வருகிறேன். ஆதி தாளத்தில் 8 எண்ணிக்கை. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ‘தகதிமி’ என்று நான்கு சொல் சொன்னால் சதுஸ்ர நடை. ஓர் ஆவர்த்தனத்துக்கு மொத்தம் 32. அதே எண்ணிக்கைக்கு ‘தகிட’ என்று மூன்று சொல் சொன்னால் திஸ்ர நடை. மொத்தம் 24. அதை இரட்டித்து எண்ணிக்கைக்கு ஆறு வைத்தால் 48. மூன்றாக வைக்கும்போது நடை அகன்று சாய்ந்தாடும், ஆறாக வைக்கும்போது துள்ளும். மூன்றிலும் தாளம் போடும் கையின் வேகம் ஒன்றுதான். அது மாறவே கூடாது.

பிள்ளைகள் தவறுவது இங்கேதான். தகதிமி சொன்ன அதே வேகத்தில் தகிட சொல்லிவிடுகிறார்கள். ஒரு சொல் குறைந்துவிட்டதால் கை சீக்கிரம் விழுகிறது, தாளம் ஓடுகிறது. கையை அப்படியே நிறுத்திக்கொண்டு, மூன்று சொல்லையும் சற்று விரித்து, அந்த இடத்தை முழுதாக நிரப்ப வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தகிட என்று காதில் விழுவதெல்லாம் திஸ்ர நடை இல்லை. நடை சதுஸ்ரமாகவே இருக்க, சொற்கட்டை மட்டும் மூன்று மூன்றாகக் கோக்கலாம். வங்கிக் கணக்காகச் சொன்னால் எளிது. 12 மாதத்தைக் காலாண்டாகப் பிரித்தால் நான்கு பங்கு, பங்குக்கு 3 மாதம். நான்கு மாதமாகப் பிரித்தால் மூன்று பங்கு. மாதத்தின் நீளம் மாறவில்லை, ஆண்டு முடிவதும் ஒரே நாளில். அதுபோலத்தான் சதுஸ்ர நடையில் மூன்று எண்ணிக்கைக்கு 12 மாத்திரை. அதில் நான்கு தகிட அடங்கும். முதல் தகிட தட்டோடு தொடங்கும், அடுத்த மூன்றும் தட்டை விட்டு விலகும், நான்காவது எண்ணிக்கையில் மறுபடி தட்டும் சொல்லும் சேரும். நடையே மாறும்போது அப்படி இல்லை. அதே ஆண்டை 12-க்குப் பதில் 9 நீண்ட மாதங்களாக வெட்டியது போல, மாத்திரையின் நீளமே மாறிவிடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கையால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். ஒவ்வொரு தட்டிலும் ‘த’ வந்து விழுந்தால் திஸ்ர நடை. ‘த’ நழுவி நழுவிப் போய், பிறகு வந்து சேர்ந்தால் அது சதுஸ்ரத்துக்குள் கோத்த திஸ்ரம்.

புதுக்கோட்டை வழி இந்தக் கணக்குக்குப் பேர் பெற்றது. சுப்ரமணிய பிள்ளைக்கு அது வீட்டுச் சொத்து. ஆயினும் அவரை ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது கணக்குக்காக மட்டும் இல்லை. சர்வலகு என்னும் இயல்பான ஓட்டத்துக்காகவும், தொப்பியில் எழும் கும்கியின் இனிமைக்காகவும்தான். பாட்டோடு ஒட்டி நடந்துகொண்டே இருப்பார். கணக்கு அதற்குள்ளேயே நடந்து முடிந்திருக்கும். கேட்பவர் விரல் விட்டு எண்ணினால்தான் தெரியும், எண்ணாதவருக்குச் சுகம் மட்டும் தெரியும்.

ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவிகளுக்கு வாசிப்பது அந்த நாளில் பெரிய சோதனை. பல்லவியைச் சதுஸ்ரத்தில் பாடிக் காட்டிவிட்டு, கையில் தாளத்தை மாற்றாமல் அதே வரியைத் திஸ்ரத்தில் இசைப்பது மரபு. வரி சுருங்குவதால், எடுப்பு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்துக்கு நகர்ந்துகொண்டே போகும். பக்கவாத்தியக்காரர் உள்ளுக்குள் இரண்டு கணக்கையும் ஓட்டியாக வேண்டும். தடுமாறினால் ஆயிரம் பேர் முன்னால் வெளிச்சமாகிவிடும். அப்படிப்பட்ட மேடைகளில் அவர்கள் விரும்பி அழைத்த கை இந்த இடது கை.

அவருடைய சீடர்கள் இந்த வித்தையைக் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதன் 1963 முதல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். திருச்சி சங்கரன் பதின்ம வயதிலேயே குருவுக்குப் பக்கத்தில் மேடை ஏறியவர். 1971-இல் கனடா சென்று டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லத் தொடங்கினார். தமிழே தெரியாத மாணவர்கள் தகிட, தகதிமி சொல்லித் தாளம் போட்டதற்குப் பின்னால் புதுக்கோட்டைத் தவில்காரரின் வழி இருக்கிறது.

அதைப் பார்க்க சுப்ரமணிய பிள்ளை இல்லை. 1962-இல், 54 வயதில், காலமானார். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அதுவரை எந்த மிருதங்க வித்வானுக்கும் போனதில்லை. முதன்முதலாக 1966-இல் பாலக்காடு மணி ஐயருக்கு அளித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து தாளம் காத்தவர்களுக்கு நடு மேடையின் மரியாதை கிடைக்க அத்தனை காலம் ஆயிற்று. சுப்ரமணிய பிள்ளை இன்னும் நான்கைந்து ஆண்டு இருந்திருந்தால் என்று நினைக்காத லய ரசிகர் குறைவு.

நமக்கு இதில் செய்ய வேண்டியது இரண்டு உண்டு. முதலாவது, கேட்டுப் பழகுவது. அவருடைய தனி ஆவர்த்தனங்கள் யூடியூபில் கிடைக்கின்றன. தனி பெரும்பாலும் சதுஸ்ரத்தில் தொடங்கும். நடுவில் நடை மாறும் இடத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கண்டுபிடியுங்கள். ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு வீதியில் நிற்கும்போதும், திருநள்ளாற்றுப் புறப்பாட்டிலும், நாகஸ்வரத்தில் மல்லாரி வாசித்தால் கையில் தாளம் போட்டுப் பாருங்கள். ஒரே மெட்டை மூன்று காலத்திலும் வாசித்துவிட்டுத் திஸ்ரமும் செய்வது மல்லாரியின் வழக்கம். திஸ்ரம் வரும்போது தவில் சொல் உங்கள் தட்டில் வந்து விழும் சுகமே தனி. வீட்டில் பயிற்சிக்கு வாத்தியம்கூட வேண்டாம். மெதுவாகத் தாளம் போட்டு ஓர் ஆவர்த்தனம் தகதிமி, ஓர் ஆவர்த்தனம் தகிட என்று வாயால் சொன்னால் போதும். இரவு 9 மணிக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரரும் சங்கத்தில் புகார் கொடுக்க மாட்டார்.

இரண்டாவது, பெற்றோர்களுக்கு. பிள்ளை இடது கையால் குச்சி பிடித்தாலோ, வலந்தலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டாலோ, வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள். ஆசிரியரிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள். பள்ளி ஆண்டு விழாவிலோ நம் வளாகத்துப் பொங்கல் விழாவிலோ அந்தக் குழந்தை வாசிக்கும்போது, பக்கத்தில் இருப்பவரைச் சற்று இடம் மாறி உட்காரச் சொல்லுவோம். நாற்காலியை நகர்த்த ஒரு நிமிடம்கூட ஆகாது.