சம்பளம் வாங்காத டைரக்டர்

மீன் இலாகாவுக்கு வித்திட்ட சர் பிரடெரிக் நிக்கல்சன்

பொழுது புலரும் நேரம். பழவேற்காடு ஏரியிலே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சிலர் சுத்துவலை கட்டுகிறார்கள். இன்றைக்குக் கோட்டைக்குப்பத்தாரின் முறை என்றால், மற்றொரு நாள் ஆண்டிக்குப்பத்தார் முறை. பிறகு நடுவூர் மாதாகுப்பத்தார் முறை. இறால் மிகுந்த துறைகளை இப்படி முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். எந்தச் சர்க்கார் உத்தியோகஸ்தரும் எழுதிக் கொடுத்த சட்டமல்ல அது. குப்பத்துப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த கட்டுப்பாடு.

1908-ம் ஆண்டை ஒட்டி, சென்னைச் சர்க்காரின் விஞ்ஞானி ஒருவர் இந்த ஏரியை ஆராய வந்தார். புதிதாக ஒரு துரை வந்தால் கூடவே புதிதாக ஒரு வரியும் வரும் என்று ஏழை ஜனங்கள் அஞ்சிய காலம் அது. ஆனால் வந்தவர் வரி போட வரவில்லை. ஏரியிலே சிப்பி வளர்க்க முடியுமா என்று பார்க்க வந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் ஹார்னெல். அவர் வேலை பார்த்த இலாகாவின் தலைவரோ, அறுபது வயதைத் தாண்டிய ஒரு முதியவர். அந்தப் பதவிக்காகச் சர்க்காரிடம் சம்பளம் வாங்காதவர். அவர்தாம் சர் பிரடெரிக் அகஸ்டஸ் நிக்கல்சன்.

கடன்காரக் குடியானவனின் நண்பர்

நிக்கல்சன் 1846-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தராகச் சென்னை மாகாணத்துக்கு வந்து, ஜில்லாக்களில் கலெக்டராக இருந்தார். கோயம்புத்தூர் ஜில்லாவின் நிலம், நீர், பயிர், தொழில் அனைத்தையும் விவரித்து அவர் எழுதிய பெரிய நூல் 1887-ல் வெளிவந்தது. அந்த ஜில்லாவின் பழைய நிலையை அறிய விரும்புவோர் இன்றும் அதைப் புரட்டத்தான் வேண்டும்.

குடியானவன் கடனிலே பிறந்து, கடனிலே வாழ்ந்து, கடனைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுச் சாவதை அவர் கண்ணாரக் கண்டார். 1892-ல் கவர்னராக இருந்த வென்லாக் பிரபு, ஐரோப்பாவில் விவசாய பாங்குகள் எப்படி நடக்கின்றன என்று ஆராயும் வேலையை அவரிடம் ஒப்புவித்தார். அந்த ஆராய்ச்சியின் பலன் 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக அச்சாயிற்று. ஜெர்மனியில் ஏழைக் குடியானவர்களை ஒன்றுசேர்த்துக் கடன் சங்கங்கள் கண்ட ரைபைசன் போன்ற ஒரு மனிதர் இந்தியாவுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவருடைய முடிவு.

1901-ல் பஞ்சக் கமிஷனிலும், கூட்டுறவுச் சட்டத்துக்கு வழி வகுத்த சர் எட்வர்டு லாவின் கமிட்டியிலும் அவர் அங்கத்தினராக இருந்தார். 1904-ல் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி, திருவள்ளூரை அடுத்த திரூரில் மாகாணத்தின் முதல் சங்கம் பதிவாயிற்று. தஞ்சாவூரிலே ஒரு கூட்டுறவு நகர பாங்கு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இத்தனையும் செய்து முடித்தபோது அவருக்கு வயது 58. சர் பட்டமும் கிடைத்துவிட்டது. மற்றவர்களாக இருந்தால் கப்பலேறிச் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். நிக்கல்சன் போகவில்லை. அவர் பார்வை வயலை விட்டுக் கடலின் பக்கம் திரும்பியிருந்தது.

உப்பு இலாகாவின் பிடியில் மீன்

சென்னை மாகாணத்தின் மீன் தொழிலை வளர்ப்பது பற்றி 1899 முதலே அவர் சர்க்காருக்கு எழுதி வந்தார். பஞ்சம் வந்தால் தானியம் பொய்க்கும். ஆனால் கடல் பொய்ப்பதில்லை. அந்த மீனைக் கெடாமல் காத்து உள்நாட்டுக்கு அனுப்பினால் எத்தனை வயிறு நிறையும்! கழிவை உரமாக்கினால் எத்தனை வயல் விளையும்! அவருடைய கணக்கு இதுதான்.

ஆனால் மீனைக் காக்க உப்பு வேண்டும். உப்புக்கோ வரி. 1870-களில் பிரான்சிஸ் டே என்னும் மீன் நூல் வல்லுநர் கரையெங்கும் சுற்றி இந்தக் கஷ்டத்தை எடுத்துரைத்தார். அதன் பின் கரையோரங்களில் மீன் பதனிடும் கிடங்குகள் ஏற்பட்டன. அங்கே கொண்டுவரும் மீனுக்கு வரியில்லாத உப்புக் கிடைக்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆயினும் கிடங்குகளைக் கண்காணித்தவர்கள் யார்? உப்பு இலாகாச் சிப்பந்திகள். ஒரு பிடி உப்பும் திருட்டுப் போகாமல் காப்பது அவர்கள் கடமை. மீன் நன்றாகப் பதனாயிற்றா, உண்பவருக்கு நோய் வராதா, மீனவனுக்கு நாலு காசு மிஞ்சிற்றா என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் வருவதில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. வேறு வேலைக்காக நியமிக்கப்பட்டவர்கள், அவ்வளவே.

நிக்கல்சன் கண்ட நோய் இது. மீனுக்கென்று தனி இலாகா வேண்டும். அதற்கென்று பயின்ற ஆட்கள் வேண்டும். அதுவரை உபகாரமாக வந்த உப்பும் காவலாகத்தான் முடியும்.

இலாகா பிறந்தது

1905-ல் மீன் தொழிலை ஆராயும் விசேஷ வேலை அவருக்குக் கிடைத்தது. முதிய வயதிலும் அவர் ஜப்பானுக்குச் சென்று, அங்குள்ள மீன் தொழிலையும் விவசாயத்தையும் பற்றி 1907-ல் தனித்தனிக் குறிப்புகள் வெளியிட்டார். சிறு படகும் சிறு வலையும் வைத்திருந்த ஜனங்களைக் கொண்டே ஜப்பான் படிப்படியாக உயர்ந்ததை அவர் கவனித்தார்.

அந்த 1907-லேயே சென்னை மீன் இலாகா தோன்றியது. நிக்கல்சன் அதன் கௌரவ டைரக்டர் ஆனார்.

இலாகாவிலே ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். வேலையோ கடல் அளவு. ஆனால் ஆட்களைப் பொறுக்கி எடுத்த விதத்திலே நிக்கல்சனின் கொள்கை தெரிந்தது. கடல் உயிர் நூலுக்கு, இலங்கையில் முத்துச்சிப்பி ஆராய்ச்சி செய்து பழகிய ஹார்னெலைச் சேர்த்தார். நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீன் வளர்க்க எச். சி. வில்சன் இருந்தார். கரையோர மக்களிடையே நேரில் வேலை செய்ய, நாட்டு மொழி பேசும் வி. கோவிந்தன் அமர்ந்தார். இரு கரைகளின் மீன் தொழில் பற்றிக் கோவிந்தன் தொகுத்த புள்ளிவிவரங்கள் 1916-ல் அச்சேறின. ஒரு விஞ்ஞானி, ஒரு வளர்ப்பு நிபுணர், ஜனங்களோடு பழகும் ஒருவர். இம்மூவரில் ஒருவர் குறைந்தாலும் இலாகா நொண்டிதான்.

எண்ணூரும் பழவேற்காடும்

சோதனைகள் சென்னைக்கு அருகே எண்ணூரிலே தொடங்கின. மீனைப் பதனிடவும் டப்பாவில் அடைக்கவும் முயன்றார்கள். ஆனால் அங்கே கிடைத்த மீன் போதவில்லை. கௌரவம் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கவில்லை நிக்கல்சன். சாளை மீன் குவியும் மலையாளக் கரைக்கு வேலையை மாற்றினார். தானூரில் சாளையை வேகவைத்துப் பிழிந்து எண்ணெயும் உரமும் எடுக்கும் எளிய முறையைச் செய்து காட்டினார்கள். கரை மணலில் அழுகிக் கிடந்த மீன் காசாயிற்று. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் எழுந்தன. சாலியத்தில் மீனை டப்பாவில் அடைக்கும் சாலை ஏற்பட்டது.

பழவேற்காட்டில் ஹார்னெல் சிப்பிப் பண்ணை வைத்தார். பிரான்சு தேசத்து ஆர்க்கஷோன் கழிமுகத்தில், சுண்ணாம்பு பூசிய ஓடுகளைத் தண்ணீரில் வைத்துச் சிப்பிக் குஞ்சுகளைப் பிடித்து வளர்ப்பார்கள். அந்த முறையை ஆராய்ந்து, இந்தியாவுக்கு அதில் என்ன பாடம் உண்டென்று 1910-ல் அவர் எழுதினார். நம் நாட்டில் விஞ்ஞான முறையில் சிப்பி வளர்க்கும் முதல் முயற்சி இந்த ஏரியில்தான் நடந்தது.

அது பெருந்தொழிலாக வளரவில்லை. ஏரியின் குணம் அப்படி. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் உப்பு ஏறும். உப்பும் நன்னீரும் மாறி மாறி வரும் இடத்தில், சிப்பி எப்போது முட்டையிடும் என்று அறிவதே பெரிய ஆராய்ச்சி. ஒரு வருஷத்து முயற்சியால் விடை காண முடியாது. ஒரே இடத்தில், ஒரே ஆள், பல வருஷம் தங்கிப் பார்க்க வேண்டும். ஹார்னெலுக்கோ தூத்துக்குடியின் முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் பொறுப்பு; மலையாளக் கரையிலும் வேலை. பழவேற்காட்டுக்கென்று அவரை ஒதுக்கிவைக்க இலாகாவில் ஆள் ஏது?

சீமையிலிருந்து வந்த உத்தரவு

பணமுடையும் ஆள்முடையும் போதாதென்று கொள்கைச் சண்டையும் வந்தது. சர்க்கார் தொழிற்சாலை நடத்தலாமா? சென்னைத் தொழில் இலாகாவை ஆல்பிரட் சாட்டர்டன் நடத்தி வந்தார். அத்தகைய முயற்சிகள் சர்க்காரின் வேலையல்ல என்று இந்தியா மந்திரி மார்லி பிரபு 1910-ல் சீமையிலிருந்து எழுதிவிட்டார். தொழில் இலாகாவுக்குப் பலத்த அடி. மீன் இலாகாவோ தப்பிப் பிழைத்து வேலையைத் தொடர்ந்தது.

வங்காளத்தில் வேறு வழியில் போனார்கள். கோல்டன் கிரௌன் என்னும் நீராவி இழுவலைக் கப்பலை வைத்துக் கடலைச் சலித்துப் பார்த்தார்கள். அந்தக் கப்பலால் குப்பத்து மீனவனின் நிலை மாறவில்லை. கட்டுமரத்திலிருந்து ஒரே தாவலாக நீராவிக் கப்பலுக்குப் போக முடியாது என்பது நிக்கல்சனின் உறுதியான கருத்து. படகைச் சற்றே பெரிதாக்கு, வலையைத் திருத்து, பதனிடும் முறையை மாற்று, மீனவனைச் சங்கத்தில் சேர், அவன் பிள்ளையைப் படிக்க வை. நடை மெதுவானாலும் மீனவன் பின்தங்கிப் போகமாட்டான். கூட்டுறவுத் துறையில் குடியானவனுக்குச் சொன்ன அதே மருந்துதான்.

இலாகாவிலும் குறை இல்லாமல் இல்லை. தலைமைப் பதவிகள் வெகுகாலம் வெள்ளைக்காரர்களிடமே இருந்தன. இந்த நாட்டு மீனை நன்கறிந்த இந்தியர்கள் உதவியாளர்களாகவே இருந்தார்கள். நிக்கல்சனுக்குப் பின் தலைமை ஏற்ற ஹார்னெல் 1924-ல் ஓய்வு பெற்றார். அதன் பின்னரே பி. சுந்தரராஜ் என்னும் இந்தியர் டைரக்டர் நாற்காலியில் அமர்ந்தார். உப்பு இலாகாவிடமிருந்து மீன் கிடங்குகளை மீட்கும் காரியமும் 1920-களில்தான் கைகூடியது.

குன்னூரில் கடைசி நாட்கள்

பத்தாண்டுக்கும் மேலாக இலாகாவை நடத்திவிட்டு நிக்கல்சன் ஒதுங்கிக்கொண்டார். குன்னூர் மலையிலே வாழ்ந்து, 1936-ல், தமது தொண்ணூறாவது வயதை ஒட்டிக் காலமானார்.

அவர் போட்ட விதை வீண்போகவில்லை. 1947-ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் சென்னையில்தான் தொடங்கியது. 1949-ல் மண்டபத்துக்கும் பிறகு கொச்சிக்கும் சென்றது. பழவேற்காடு போன்ற உவர்நீர் ஏரிகளுக்கென்றே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1987-ல் சென்னையில் எழுந்தது.

கட்டடங்கள் எழுந்துவிட்டன, கருவிகள் வந்துவிட்டன. ஆனால் ஆராய்ச்சி நிலையம் என்பது கட்டடம் அல்லவே! ஏரிக்கரையில் வருஷக்கணக்கில் தங்கி, முகத்துவாரம் எப்போது அடைபடுகிறது, இறால் எப்போது ஏறி வருகிறது என்று குப்பத்தாரோடு சேர்ந்து பார்க்கும் ஆள் அல்லவா ஆராய்ச்சி நிலையம்! பழவேற்காட்டில் அன்று சிப்பிப் பண்ணை செழிக்காததற்கு ஏரி பாதிக் காரணம் என்றால், ஆளில்லாமை மறு பாதி.

பாடு முறையில் எந்தக் குப்பத்துக்கு எந்த நாள் என்பது தவறுவதில்லை. எந்த இடத்துக்கு எந்த ஆள் என்று முடிவு செய்யும் சர்க்கார் நாற்காலிக்கும் அந்த ஒழுங்கு வந்துவிட்டால், பழவேற்காட்டு வலைகளில் இறாலுக்குக் குறைவிராது.