புல்லாங்குழல் வாசித்த மாமன்னர்

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் வளர்ந்த நாய் இறந்துபோயிற்று. அவள் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வீங்கிய கண்களோடு வந்தவளைப் பார்த்து, ஒரு நாய்க்காகவா இவ்வளவு அழுகை என்று கேட்டுச் சிரித்தோம். பிறகு ஒரு நாள் வரலாற்றுப் பாடத்துக்காக நூலகத்தில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. ஐரோப்பாவையே நடுங்கவைத்த அம்மன்னர் நாய்க்காகக் கலங்கினார் என்று அறிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தோழியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். இக்கட்டுரையை அவளுக்காகவே எழுதுகிறோம்.

பிரெடரிக் 1712ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24ஆம் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தை முதலாம் பிரெடரிக் வில்லியம் படையையே உயிராக நினைத்தவர். நெட்டையான வீரர்களைத் தேடித் தேடிச் சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. இசையும் நூல்களும் ஆண்மகனைக் கெடுத்துவிடும் என்பது அவர் எண்ணம். மகனோ புல்லாங்குழலுக்கும் பிரெஞ்சு நூல்களுக்கும் மனத்தைப் பறிகொடுத்தவர். ஆதரவாக இருந்தவர் அக்காள் வில்ஹெல்மினா ஒருவரே. அவரும் இசையில் வல்லவர்.

1728ஆம் ஆண்டு முதல் டிரெஸ்டன் நகரிலிருந்து குவான்ட்ஸ் என்னும் இசைக்கலைஞர் வந்து, தந்தைக்குத் தெரியாமல் இளவரசருக்குப் புல்லாங்குழல் கற்பித்தார். ஒருநாள் பாடம் நடக்கும்போது மன்னர் வரும் அரவம் கேட்டதாம். ஆசிரியர் விறகு வைக்கும் சிற்றறைக்குள் ஒளிந்துகொண்டாராம். மன்னர் மகனின் பட்டு அங்கியைக் கண்டு சினந்து அதை நெருப்பில் எறிந்தாராம். படிக்கும்போது சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்து நடந்தது சிரிப்பதற்குரியதன்று. தந்தையின் அடியும் ஏச்சும் தாங்காமல் 1730இல், தமது பதினெட்டாம் வயதில், பிரெடரிக் நாட்டைவிட்டு ஓட முயன்று பிடிபட்டார். உடந்தையாயிருந்த நண்பர் காட்டே என்னும் இளம் அதிகாரியை அவ்வாண்டு நவம்பர் 6ஆம் நாள் கோட்டைக்குள் வெட்டிக் கொன்றனர். சிறையிலிருந்த இளவரசரைச் சாளரத்தருகே நிறுத்தி அதைப் பார்க்கச் செய்தனர். அவர் மயங்கி விழுந்தார். பெற்ற தந்தையே இட்ட கட்டளை இது!

1740ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் தந்தை இறக்க, பிரெடரிக் அரியணை ஏறினார். சில நாள்களுக்குள், குற்றவாளிகளைச் சித்திரவதை செய்து உண்மை வாங்கும் வழக்கத்தைப் பெரும்பாலும் நிறுத்தினார். இது போற்றத்தக்கது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், ஆஸ்திரியாவின் இளவரசி மரியா தெரசா பட்டத்துக்கு வந்த சில வாரங்களுக்குள், அவருக்குரிய சைலீசியா மாநிலத்தின்மீது படையெடுத்தார். வளமான நாடு, காவலோ குறைவு என்பதைத் தவிர நியாயமான காரணம் எதுவும் எங்களுக்குத் தென்படவில்லை. அதன் விளைவாகப் பல்லாண்டுகள் போர். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1760இல் நம் வந்தவாசியில் மோதியதும் அப்பெரும் போரின் ஒரு கிளையே. அப்போது பிரெடரிக் ஆங்கிலேயர் பக்கம்.

இவரா இசைவாணர் என்று கேட்கலாம். இவரேதான். குவான்ட்ஸை 1741இல் ஆண்டுக்கு 2,000 தாலர் ஊதியத்தில் தம்மிடமே வைத்துக்கொண்டார். மாலைதோறும் அரண்மனையில் கச்சேரி. மன்னரே புல்லாங்குழல் வாசிப்பார். நூற்றுக்கு மேற்பட்ட இசைக்கோவைகளைத் தாமே இயற்றினார். 1747ஆம் ஆண்டு மே மாதம் முதிய யோகான் செபாஸ்டியன் பாக் பாட்ஸ்டாம் நகருக்கு வந்தார். அவருடைய மகன் மன்னரிடம் பணியாற்றிவந்தார். அன்று மன்னர் ஒரு மெட்டை வாசித்துக்காட்டி அதை விரித்து வாசிக்கும்படி கேட்டார். பாக் அங்கேயே வாசித்தார். பின்னர் ஊர் திரும்பி அதே மெட்டை வைத்து ஒரு தொகுதியே இயற்றி மன்னருக்குக் காணிக்கையாக்கினார். இசைக் காணிக்கை என்ற பெயரில் அது இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது.

இனி நாய்களுக்கு வருவோம். பிரெடரிக் வளர்த்தவை இத்தாலிய வேட்டைநாய் இனத்தைச் சேர்ந்தவை. உடல் சிறியது, கால்கள் குச்சிபோல் மெல்லியவை, குளிரென்றால் நடுங்கும். அவை மன்னரின் பட்டு நாற்காலிகளிலே படுத்து உறங்கின. பணியாளர்கள் அவற்றை நீங்கள், வாருங்கள் என்று மரியாதையாகவே அழைக்கவேண்டுமாம்! எங்கள் வீடுகளில் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தோம்.

அவற்றுள் மிகவும் அருமையானது பீஷ். பிரெஞ்சு மொழியில் அதற்குப் பெண்மான் என்று பொருள். 1745ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் சோர் என்னுமிடத்தில் பிரெடரிக் வெற்றி பெற்றார். ஆனால் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஆஸ்திரியக் குதிரைப்படை அவரது பாசறைக்குள் புகுந்து கூடாரங்களைச் சூறையாடிற்று. மன்னரின் உடைமைகளோடு பீஷும் பறிபோயிற்று. பகைவர்கள் பின்னர் அதைத் திருப்பி அனுப்பினார்கள். அது வந்து சேர்ந்ததைச் சொல்லாமல், எழுதிக்கொண்டிருந்த மன்னரின் அறைக்குள் மெல்ல விட்டார்களாம். அது மேசைமீது தாவி அவர் கழுத்தில் கால்களைப் போட்டதாம். மன்னரின் கண்கள் நிறைந்தன என்று கூறுவர்.

அக்காள் வில்ஹெல்மினா பேராய்த் நாட்டுக்கு மணமாகிப் போயிருந்தார். அவரிடமும் ஃபோலிஷான் என்றொரு நாய் இருந்தது. ஃபோலிஷான் எழுதுவதுபோல் அக்காள் பீஷுக்குக் கடிதம் எழுதினார். பீஷ் எழுதுவதுபோல் தம்பி விடை எழுதினார். நாட்டை ஆளும் இருவர் இப்படி விளையாடியது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. சிறுவயதில் அவர்களுக்கு விளையாட நேரம் எங்கே இருந்தது?

1752ஆம் ஆண்டு இறுதியில் பீஷ் இறந்தது. பிரெடரிக் அக்காளுக்கு எழுதினார். தாம் கற்ற தத்துவமெல்லாம் இத்துயரத்தின் முன் நிலைகுலைந்து போயிற்று என்பதே அதன் கருத்து. வேறு எவரிடமும் இதைச் சொல்ல அவர் துணிந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறோம். சிரிப்பார்களே என்ற கூச்சம் மன்னருக்கும் இருக்கும் அல்லவா? எங்கள் தோழிக்குத்தான் அப்படியோர் அக்காள் இல்லாமற்போயிற்று.

அந்த அக்காளும் 1758ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் மறைந்தார். அதே நாள்தான் ஹோக்கிர்ச் என்னுமிடத்தில் பிரெடரிக்கின் படை பெருந்தோல்வி அடைந்தது. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, 1768க்கும் 1770க்கும் இடையே, தமது தோட்டத்தில் எதிரெதிராக இரு சிறு மண்டபங்களை அவர் எழுப்பினார். ஒன்று நட்பு மண்டபம். அதில் அக்காளின் சிலை கையில் நூலுடன் அமர்ந்திருக்கிறது. மற்றொன்று தொல்பொருள் மண்டபம். கிரேக்க, உரோமானியச் சிலைகளும், 1764இல் விலைக்கு வாங்கிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செதுக்கிய மணிக்கற்களும், முன்னோர் காலத்திலிருந்து சேர்ந்துவந்த பழங்காசுகளும் அங்கே வைக்கப்பட்டன.

அக்காசுகளைப்பற்றி ஒரு சொல் சொல்லியாகவேண்டும். எங்களுள் சிலரும் பாட்டியின் பெட்டியிலிருந்து ஓட்டைக் காலணாவெல்லாம் எடுத்துச் சேர்க்கிறவர்கள். ஆகவே பழங்காசைப் போற்றிய மன்னரை உடனே எங்களவராக ஏற்றுக்கொண்டோம். ஆனால் ஏழாண்டுப் போருக்குப் பணம் போதாதபோது அவர் என்ன செய்தார் தெரியுமா? வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டிக் காசுகளை அடிக்கச் செய்தார். கைப்பற்றிய சாக்சனி நாட்டின் அச்சுகளைக்கொண்டு அந்நாட்டுக் காசையும் அவ்வாறே அடித்துப் பரப்பினார். விலைவாசி ஏறிற்று. கூலிக்காரரும் சம்பளக்காரரும் அல்லற்பட்டனர். 1764இல்தான் நல்ல காசு மீண்டும் வந்தது. உரோமானியர் அடித்த காசைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காத்தவர், தம் குடிகளின் கையில் கொடுத்த காசு மட்டமானது. இதை எங்களால் மன்னிக்க முடியவில்லை.

அக்காசுகள் பின்னர் பெர்லினுக்குப் போயின. 1806இல் நெப்போலியன் பெர்லினைக் கைப்பற்றியபோது ஒரு பகுதி பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பெர்லின் நாணயக் காட்சியகத்தில் இன்று ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன.

பிரெடரிக் இறைப்பற்று மிக்கவர் அல்லர். எனினும் பெர்லின் கத்தோலிக்கருக்குக் கோயில் கட்ட இடமளித்தார். புனித ஹெட்விக் பெயர்கொண்ட அக்கோயில் 1773இல் திருநிலைப்படுத்தப்பட்டது.

முதுமை அவரைத் தனிமையில் விட்டது. பிள்ளைகள் இல்லை. முன்பற்கள் விழுந்தன, வாதத்தால் விரல்கள் வீங்கின. 1779ஆம் ஆண்டளவில் புல்லாங்குழலைக் கீழே வைத்துவிட்டார். நாய்கள் மட்டும் உடனிருந்தன. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் விடியுமுன், சாய்வு நாற்காலியில் அமர்ந்தவாறே, எழுபத்து நான்காம் வயதில் உயிர்நீத்தார். கடைசி இரவில் அருகிலிருந்த நாய் குளிரில் நடுங்குவதைக் கண்டு, அதற்குப் போர்வை போர்த்தச் சொன்னாராம்.

பாட்ஸ்டாமில் அவர் கட்டிய மாளிகைக்குச் சான்சூசி என்று பெயர். கவலையற்றது என்பது பொருள். மாளிகை எழும்புவதற்கு முன்பே, 1744இல், அதன் மேல்தளத் தோட்டத்தில் தமக்குக் கல்லறை அமைத்துவிட்டார். இறந்த நாய்களை அதன் அருகிலேயே புதைத்தார். தம்மையும் அங்கேயே, ஆரவாரமின்றி, இரவில் விளக்கொளியில் அடக்கம் செய்யவேண்டும் என்று உயிலில் எழுதினார்.

அண்டை நாடுகளெல்லாம் அவர் சொல்லுக்கு அஞ்சின. இந்த ஒரு சொல்லை மட்டும் எவரும் கேட்கவில்லை. பட்டத்துக்கு வந்த தம்பி மகன், மன்னரை நாய்களுடன் புதைப்பதா என்று எண்ணி, பாட்ஸ்டாம் படைவீரர் கோயிலில் அடக்கம் செய்துவிட்டார். யார் பக்கத்தில் தெரியுமா? அந்தத் தந்தையின் பக்கத்தில்!

அங்கே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பெட்டியை 1943இல் வெளியே எடுத்தனர். பிறகு 1945இல் ஓர் உப்புச் சுரங்கத்துக்குள் மறைத்தனர். அமெரிக்க வீரர்கள் கண்டெடுக்க, மார்பர்க் நகரக் கோயிலுக்கும் அங்கிருந்து ஹோகன்சொல்லர்ன் கோட்டைக்கும் அது சென்றது. ஜெர்மனி மீண்டும் ஒன்றான பிறகு, 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், இறந்து சரியாக 205 ஆண்டுகள் ஆனபின், சான்சூசித் தோட்டத்தில் அவர் கேட்ட இடத்திலேயே இரவில் அடக்கம் செய்தனர்.

அங்கே மாளிகையின் பக்கத்தில் புல்தரையோடு ஒட்டி ஒரு கல்பலகை மட்டும் இருக்கிறது. பெயரைத் தவிர வேறு அலங்காரம் இல்லை. பஞ்சத்துக்கு அஞ்சி உருளைக்கிழங்கு பயிரிடும்படி 1756இல் அவர் ஆணையிட்டதை நினைத்து, வருகிறவர்கள் மலரோடு உருளைக்கிழங்கையும் அதன்மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்தில் வரிசையாகச் சிறு கற்கள். அவை நாய்களுடையவை.