திருமங்கை மன்னன்: களவும் கைங்கரியமும்

வேலேந்திய திருக்கையும், அஞ்சலித்த நெஞ்சமுமாக ஸேவை ஸாதிக்கும் திருமங்கையாழ்வாரின் வைபவம், மற்றைய ஆழ்வார்களின் வைபவம் போல எளிதில் சொல்லி முடிக்கத் தக்கதன்று. அரசனுக்குச் சேர வேண்டிய திறைப்பொருளைச் செலவழித்தவர், வழிப்பறி செய்தவர், அயல் சமயத்தாரின் பொன் விக்ரஹத்தைக் கவர்ந்தவர். இவற்றை நம் பூர்வர்கள் மறைக்கவில்லை. ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவம் இவற்றை விரித்தே உரைக்கிறது. கேட்கும் நாம்தாம் இவ்விடங்களைப் புன்முறுவலோடு கடந்து விடுகிறோம்.

சோழநாட்டில் திருவாலி திருநகரியை அடுத்த திருக்குறையலூரில், கார்த்திகை மாதம் க்ருத்திகை நக்ஷத்திரத்தில், சார்ங்கத்தின் அம்சமாக இவர் அவதரித்தார். இயற்பெயர் நீலன். குருபரம்பரை இவர் காலத்தைக் கலியுகத் தொடக்கத்தில் வைக்கும். கச்சிப் பரமேச்சுர விண்ணகரப் பதிகத்தில் பல்லவனின் வெற்றிகளை ஆழ்வார் அருளியிருப்பது கொண்டு, வரலாற்றாசிரியர்கள் 8ஆம் நூற்றாண்டு என்பர். படைத் தொழிலில் வல்லவராய்ச் சோழனின் சேனைத் தலைவராகி, ஆலிநாட்டில் திருமங்கை என்னும் ஊரைத் தலைநகராகக் கொண்ட குறுநில மன்னரானார். ஆக, இவர் வறுமையால் களவுக்கு வந்தவரல்லர். கையில் ஆட்சியும் ஆடல்மா என்னும் குதிரையும் உடையவராய் இருந்து அவ்வழிக்கு வந்தவர்.

வழி திரும்பியது குமுதவல்லியாரால். திருவெள்ளக்குளத்தில் கண்டெடுக்கப்பட்டு, மகப்பேறில்லாத வைத்தியர் ஒருவரால் வளர்க்கப்பட்ட அந்த அம்மையார், தம்மை மணக்க விரும்பிய மன்னருக்கு இரண்டு நிபந்தனைகள் விதித்தார். முதலாவது பஞ்ச ஸம்ஸ்காரம். திருநறையூர் நம்பியிடமே அதனைப் பெற்று வந்தார் நீலன். மற்றொன்று, ஓராண்டுக் காலம் நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு அமுது செய்வித்தல். வணிகவியல் படித்த பழக்கத்தால் அடியேன் இதனைப் பெருக்கிப் பார்த்ததுண்டு. 365 நாளைக்கு 3,67,920 இலைகள். அரிசியும் பருப்பும் நெய்யும் விறகும் பரிசாரகரும் என்று விரித்தால், ஒரு குறுநில மன்னனின் பொக்கிஷம் எத்தனை மாதம் தாங்கும்?

தாங்கவில்லை. சோழனுக்குச் செலுத்த வேண்டிய திறை ததீயாராதனத்தில் கரைந்தது. கேட்டு வந்த ஏவலாளர்களுக்குத் தவணை சொல்லப்பட்டது. பின்னர் படை வந்தது. ஆலிநாடர் அதனைத் துரத்தினார். முடிவில் மந்திரியின் சொல்லை நம்பிச் சென்று கோயிலொன்றில் சிறைப்பட்டு, மூன்று நாள் உணவின்றிக் கிடந்தார். காஞ்சிப் பேரருளாளன் கனவில் தோன்றி வேகவதிக் கரையில் புதையல் இருக்கும் இடத்தைக் காட்டியருள, அதனை எடுத்துத் திறையைத் தீர்த்தார். எஞ்சியது மீண்டும் ததீயாராதனத்துக்கே சென்றது. அரசனும் இவர் பெருமையை உணர்ந்து தொடர்வதை விட்டான்.

இவ்விடத்தில் ஒன்று நோக்கத் தக்கது. எம்பெருமான் திறையைத் தள்ளுபடி செய்விக்கவில்லை, நிலுவையைக் கட்டுவித்தான். பாகவதர்களுக்குச் செலவிட்டதாயினும் பிறர் பொருள் பிறர் பொருளே என்பது இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

புதையலும் தீர்ந்த பிறகு வழிப்பறி தொடங்கியது. தமிழ் மண்ணில் ஆறலை கள்வர் புதியவரல்லர். சங்கப் பாடல்களின் பாலை நிலமே அவர்களை அஞ்சியது. வணிகர் சாத்தாகக் கூடிச் சென்றதும், காவற்படையை உடன் கொண்டதும் அவ்வச்சத்தாலேயே. ஆனால் காவல் செய்ய வேண்டிய மன்னனே வழியில் நின்று பறிப்பது வேறு வகைக் குற்றம். துணை நின்றவர் நால்வர்: நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலாவழக்கன். நீரைக் கடப்பவன், உடன் ஒட்டி மறைபவன், ஊதியே பூட்டைத் திறப்பவன் ஆகிய மூவரும் களவுக்கு வேண்டியவர். நான்காமவன் வாதத்தில் தோற்காதவன். களவுக்கு வாதம் எதற்கு என்று ஐயுற வேண்டா. அடியேன் வங்கிப் பணியில் இருந்த காலத்தில் கையாடல் விசாரணைக் கோப்புகள் சிலவற்றைப் படிக்க நேர்ந்தது. எடுத்ததை மறுத்தவரைக் காட்டிலும், எடுத்ததற்கு உயர்ந்த காரணம் சொன்னவரே மிகுதி. ஒருவர் தங்கையின் திருமணம் என்பார். இன்னொருவர் கோயில் திருப்பணி என்பார். தோலாவழக்கன் இல்லாத களவு அரிது.

ஒரு பங்குனி மாத இரவில், திருமணங்கொல்லையில், வயலாலி மணவாளன் தாயாரோடு புதுமணத் தம்பதியாய், ஆபரணங்கள் மின்ன, பரிவாரங்களுடன் வந்தான். கலியனார் வழிமறித்து அனைத்தையும் பறித்தார். திருவடி விரலில் இருந்த மோதிரம் ஒன்று கையால் கழலவில்லை. குனிந்து பல்லால் கடித்து வாங்கினார். அந்த மிடுக்கைக் கண்டு எம்பெருமானே கலியன் என்று பெயரிட்டான் என்பது ஸம்ப்ரதாயம். திருடுவதற்காகக் குனிந்த தலையில் திருவடி ஸம்பந்தம் நேர்ந்து விட்டது. பின் மூட்டையைத் தூக்க முயன்றால் அது அசையவில்லை. மணமகன் ஏதோ மந்திரம் செய்தான் என்று எண்ணி, அதனைச் சொல்லாவிடில் வெட்டுவதாக வாளை ஓங்கினார். எம்பெருமான் செவியில் திருவஷ்டாக்ஷரத்தை உபதேசித்தருளினான். ஆழ்வார் அவதரித்தது அக்கணத்தில் என்றே கொள்ளலாம்.

பெரிய திருமொழியின் முதல் பதிகம் அவ்வனுபவத்தின் வெளிப்பாடு. பாட்டுத்தோறும் நாராயண நாமத்தைத் தாம் கண்டுகொண்டதைச் சொல்லும் அப்பதிகத்தில், தாம் கள்வராயிருந்ததையும் வஞ்சனை செய்ததையும் ஆழ்வார் தம் வாயாலேயே சொல்லிக் கொள்கிறார். நைமிசாரணியப் பதிகத்தில் இன்னும் கடுமை. சூதும் களவும் காமமும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. மனைவியை விட்டுப் பிறர் பொருளையும் பிறர் தாரத்தையும் நாடியவர்களை யமதூதர்கள் பழுக்கக் காய்ந்த செப்புப் பாவையைத் தழுவச் சொல்லும் காட்சியும் வருகிறது. அடியேனை நிறுத்தியது அங்கே உள்ளதன்று, இல்லாதது. இவ்விரு பதிகங்களிலும் ததீயாராதனம் ஒரு சொல்லாகவும் இடம்பெறவில்லை. மூன்றரை லக்ஷத்துக்கும் மேற்பட்ட இலைகள் இட்டவர், அவற்றுள் ஒன்றையேனும் தமக்குச் சாதகமாக எடுத்து வைக்கவில்லை. எம்பெருமான் பொருட்டுச் செய்த பாபமும் புண்ணியமாகும் என்னும் சமாதானம் பின்னோர் ஆழ்வாருக்காகச் சொல்வது. ஆழ்வார் அப்பதிகங்களில் தமக்குச் சொல்லிக் கொண்டதன்று.

ஆயினும் உபதேசம் பெற்றபின் களவு ஓய்ந்தது என்று சொல்லவும் வரலாறு இடம் தரவில்லை. திருவரங்கத்தில் மதிள் கைங்கரியத்துக்குப் பொருள் வேண்டி, நாகப்பட்டினத்துப் பொற்புத்த விக்ரஹத்தைக் கவர்ந்து வந்தார் என்பர். நாகை பௌத்தர்களின் பெரிய துறைமுகமாக விளங்கியதற்கு, 1856 முதல் அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான செப்புத் திருமேனிகள் சான்று. திரும்பும் வழியில் திருக்கண்ணங்குடியில் சேற்று நிலத்தில் விக்ரஹத்தைப் புதைத்து, காவலுக்கு ஒரு புளியமரத்தை விழித்திருக்கச் சொல்லிவிட்டு உறங்கினாராம். விடிந்ததும் உழ வந்த நிலத்துக்குரியவனிடம் அந்நிலம் தமதென்று வாதிட்டு, பத்திரம் கொண்டுவர ஒரு நாள் தவணை பெற்று, அன்றிரவே விக்ரஹத்தோடு புறப்பட்டார். உறங்காப்புளி, தேறாவழக்கு என்னும் பெயர்கள் இன்றும் அவ்வூரில் வழங்குகின்றன. இதனை நாம் நகைச்சுவையாகவே சொல்கிறோம். விக்ரஹத்தை இழந்தவர்களும் தம் தெய்வத்தை இழந்தவர்களே என்பதை ஒரு கணம் நினைப்பதில் தவறில்லை.

மதிள் எழுந்தது. தொண்டரடிப்பொடியாழ்வாரின் நந்தவனத்தை இடியாமல் விலக்கிக் கட்டினார் என்னும் செய்தி நெஞ்சை உருக்கும். அடுத்த செய்தி உருக்காது. கூலி கேட்ட பணியாளர்களை ஓடத்தில் ஏற்றிக் கொள்ளிடத்து நடுவில் கவிழ்த்து மோக்ஷத்தையே கூலியாக்கினார் என்றும், அழுது வந்த உறவினருக்கு இறந்தவர்களே தோன்றித் தாங்கள் நற்கதி பெற்றதைச் சொன்னார்கள் என்றும் கூறுவர். பெரியோர் அருளிய சமாதானங்களைக் கேட்டிருக்கிறேன். அவற்றை மறுக்கும் தகுதி அடியேனுக்கு இல்லை. கூலிக்கணக்கு எழுதிப் பழகிய கைக்கு அந்தப் பத்தி மட்டும் இன்றும் நேராகவில்லை. இதனை நீக்கி எழுதியிருக்கலாம். நீக்காமல் நமக்கு விட்டுச் சென்ற பூர்வர்களின் நேர்மைக்குத் தலை வணங்குகிறேன்.

எண்பதுக்கும் மேற்பட்ட திவ்யதேசங்களை மங்களாசாஸனம் செய்து, ஆறு ப்ரபந்தங்கள் அருளி, நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு அரங்கத்தில் அத்யயன உத்ஸவம் நடைபெறச் செய்து, திருக்குறுங்குடியில் திருநாடு அலங்கரித்தார்.

அரங்கத்தில் இராப்பத்தின் எட்டாம் நாள் நம்பெருமாள் தங்கக் குதிரையில் மணல்வெளிக்கு எழுந்தருளி வேடுபறி கண்டருளுகிறார். சில திவ்யதேசங்களில் அன்று பட்டோலை வாசிப்பதும் உண்டு. பறிபோன திருவாபரணங்கள் ஒவ்வொன்றும் பெயரோடு, ஊரறிய, ஆழ்வாரையும் முன்னே வைத்துக்கொண்டு படிக்கப்படும். கூட்டம் சிரித்துக்கொண்டே கேட்கும். ஓலையில் ஓர் உருப்படியும் விடுபடுவதில்லை.

திருமங்கையாழ்வார் திருவடிகளே சரணம்.